செயலி கேட்டது, மாமியார் கேட்டது: மதுரைப் பக்கம் மூன்று கர்ப்பிணிகள், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒத்தக்கடைப் பக்கத்துக் கிராமம். வயது 26, முதல் கர்ப்பம். விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் மாமியார் இருக்கிறார். பத்தாவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் வாங்கினார் (கர்ப்பிணிகளைப் பதிந்து கண்காணிக்க அரசு தரும் எண்). அன்றைக்கு எடை 58 கிலோ, ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அவருடைய போனில் கர்ப்பகாலச் செயலி ஒன்று அதற்கு முன்பே ஏறியிருந்தது. வீட்டுச் சோதனையில் இரண்டு கோடு விழுந்த அன்று ராத்திரியே இறக்கிவிட்டாராம்.

இந்த ஆய்வு பெரும்பாலும் அவரைப் பற்றியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பூங்காவில் வேலை பார்ப்பவர். மற்றவர் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போகிறவர். மூவரும் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் ஊட்டச்சத்து ஆலோசகர். பரிசோதனை நாட்களில் இவர்களோடு உட்கார்ந்து பேசியது, அவர்கள் காட்டிய போன் திரை, தாய் அட்டையில் இருந்த குறிப்பு, இவ்வளவுதான் ஆதாரம்.

கர்ப்பகாலச் செயலியால் உண்மையில் பலன் உண்டா என்ற பேச்சு வெளிநாட்டில் பல வருடமாக நடக்கிறது. சுவீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 'ஹெல்தி மாம்ஸ்' என்ற செயலியை உருவாக்கி 305 கர்ப்பிணிகளிடம் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், எடை கூடும் அளவில் செயலி வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சாப்பாட்டின் தரம் மட்டும் மேம்பட்டது. முதலிலேயே எடை அதிகமாக இருந்தவர்களிடம் எடையிலும் கொஞ்சம் பலன் தெரிந்தது. அங்கே ஆளுக்கொரு போன், சமையல் பெரும்பாலும் அவரவர் கையில். நம் ஊரில் போனும் பொது, அடுப்பும் பொது. அதனால் அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது.

மாத்திரை

ரத்தசோகை இல்லாத கர்ப்பிணிக்கு, நான்காவது மாதத்திலிருந்து தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, 180 நாள். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ஒத்தக்கடைப் பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்பதால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று டாக்டர் எழுதினார். செயலியோ எல்லோருக்கும் பொதுவாக ஒன்றுதான் வைத்திருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மணி அடிக்கும், இவர் ஒன்று போடுவார், திரையில் பச்சை டிக் விழும். ஒரு மாதம் இப்படியே போனது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் அட்டையைப் புரட்டிக்கொண்டே, "மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?" என்று கேட்டபோது, "ஒரு நாள் கூட விடல சிஸ்டர், பாருங்க" என்று போனையே நீட்டினார். வரிசையாகப் பச்சை. நர்ஸ் போனைத் தொடவில்லை, பையை வாங்கி மாத்திரை அட்டைகளை எண்ணினார். பாதி அப்படியே இருந்தது.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. செயலி கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார், செயலி கேட்டதே பாதிதான். செயலியின் அமைப்புக்குள் (செட்டிங்ஸ்) போய் இரண்டாவது நேரத்தைச் சேர்க்க முடியும் என்பது அவருக்குத் தெரியாது. நாத்தனார் மகன், பத்தாம் வகுப்பு படிக்கிறவன், அரை நிமிடத்தில் மாற்றிக்கொடுத்தான்.

காலை மாத்திரைக்கு வேறு சிக்கல். ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் டீயைக் குடித்த கையோடு மாத்திரையையும் போட்டுக்கொள்வார். டீயில் இருக்கும் டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கூடவே போனால் இன்னும் மோசம். இந்தத் தகவல் செயலியில் இருக்கத்தான் செய்தது, ஒரு கட்டுரையின் நடுப்பகுதியில். ஆனால் அவர் டீயோடு போடுகிறார் என்பது செயலிக்கு எப்படித் தெரியும்? "காலையில எப்படிப் போடுற, எதோட போடுற?" என்று கேட்டால்தான் வரும். கடைசியில் அந்த மாத்திரை பதினோரு மணிக்குப் போனது. கடையில் டீ இடைவேளைக்கு விடும்போது ஒரு நெல்லிக்காயோ, கொய்யாத் துண்டோ, அதோடு மாத்திரை. டீ சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். இதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் நிறையப் பேர். 26-ஆவது வாரத்தில் ஹீமோகுளோபின் 10.1, 34-ஆவது வாரத்தில் 10.9.

பத்தாயிரம் அடி

செயலியில் நடைக்கணக்கும் உண்டு. இலக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி. (இந்த எண்ணுக்குப் பின்னால் பெரிய மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது.) இவருடைய கணக்கில் பெரும்பாலான நாள் ஆயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. 'இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை' என்று இரவில் செய்தி வரும். காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு வரை சேலையை விரிப்பது, மடிப்பது, அலமாரிக்கும் கல்லாவுக்கும் ஓடுவது என்று நின்றுகொண்டே இருந்தவரைப் பார்த்து அப்படி ஒரு செய்தி. காரணம் எளிது. வேலைக்குள் நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். திரும்பப் போகும்போதுதான் கைக்கு வரும். செயலிக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம், பஸ் நிறுத்தத்திலிருந்து கடை, அவ்வளவுதான்.

"ஆரம்பத்துல அழுகையா வரும். நான்தான் சோம்பேறியா இருக்கேனோன்னு" என்றார். அதை மேலோட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. கால் வலிக்க நின்றுவிட்டு வருகிற பெண்ணை அதே ராத்திரியில் நடக்கச் சொல்கிறது ஒரு கருவி, அவரும் அதை நம்பித் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார். உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது உட்காருவது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத்தையே திருத்தியது. கடையில் ஸ்டூல் வந்திருந்தது. ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் மேற்பார்வையாளர் என்ன நினைப்பாரோ என்று இவர்தான் உட்காரவில்லை. 'இந்த வாரம் எத்தனை முறை உட்கார்ந்தீர்கள்?' என்று எந்தச் செயலியும் கேட்பதில்லை. நாங்கள் கேட்க ஆரம்பித்தோம்.

சர்க்கரை

26-ஆவது வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று நாட்டிலேயே முன்னால் நின்று கொண்டுவந்தது தமிழ்நாடு. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. ஒத்தக்கடைப் பெண்ணுக்கு 148 வந்தது. விதிமுறைப்படி முதல் இரண்டு வாரம் சாப்பாட்டு மாற்றமும் நடையும். அதன் பிறகு, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருந்தால் அப்படியே தொடரலாம், இல்லையென்றால் மருந்து.

ஆக, கையில் இரண்டே வாரம். செயலி இங்கே உதவும் என்று நானே நம்பினேன், உணவுப் பதிவுப் பகுதி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது எல்லாவற்றையும் கிராமில் கேட்டது. சோறு எத்தனை கிராம்? வீட்டில் சோறு கரண்டிக் கணக்கு, அதுவும் மாமியார் கை போடும் கரண்டி. இட்லி ஒன்றுக்கு இத்தனை கலோரி என்று போட்டிருந்தது, அவர் வீட்டு இட்லி அதைப்போல ஒன்றரை மடங்கு. குழம்பு என்றால் சாம்பாரைத்தான் காட்டியது. புளிக்குழம்பு, தட்டாம்பயறுக் குழம்பு, கேப்பைக் களி, எதுவும் பட்டியலில் இல்லை. நான்கு நாள் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பிடிவாதமில்லாதவர் என்று சொல்ல முடியாது, ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து யார் இதையெல்லாம் எடை போடுவார்கள்?

அப்புறம் அவரே வேறு ஒன்றைச் செய்தார். காலையில் டிபன் பாக்ஸை மூடுவதற்கு முன்னால் ஒரு படம். இரவில் தட்டில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு படம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மாமியாரோடு வந்த சண்டையில் சாட்சிக்காக ஆரம்பித்ததாம். "நீ சோறே திங்க மாட்டேங்குறன்னு அத்தை எல்லார்கிட்டயும் சொல்லும். அதான் எடுத்து வச்சேன்." அடுத்த முறை வந்தபோது அந்தப் படங்களை என்னிடம் ஓட்டிக்காட்டினார். ஒரே பார்வையில் விஷயம் தெரிந்தது. டிபன் பாக்ஸின் பெரிய தட்டு முழுக்க அழுத்தி வைத்த எலுமிச்சைச் சோறு அல்லது புளிச்சோறு, சின்னக் கிண்ணத்தில் ஒரு ஓரமாக உருளைக்கிழங்கு. காய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பயறும் இல்லை, முட்டையும் இல்லை. இரவுத் தட்டில் மறுபடி சோறு, மேலே ரசம். 'ஒரு பங்கு மாவுச்சத்து, இரண்டு பங்கு காய்கறி' என்று நான் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். படத்திலேயே விரலை வைத்து, "இந்தப் பெரிய தட்டுல வெஞ்சனம், இந்தச் சின்னக் கிண்ணத்துல சோறு, மாத்தி வைங்க" என்றேன். சிரித்துவிட்டார். மறுநாள் அப்படியே மாற்றி வைத்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பெரிய தட்டில் அவரைக்காய்ப் பொரியலும் சுண்டலும், கிண்ணத்தில் சோறு, ஓரத்தில் ஒரு முட்டை.

போனில் இருந்ததிலேயே பயன்பட்ட கருவி கேமராதான் என்பது கர்ப்பகாலச் செயலி தயாரிப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

நடையிலும் இப்படித்தான். பத்தாயிரம் அடியை விட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் மட்டும் நடக்கச் சொன்னோம். சாப்பிட்ட உடனே மெதுவாக நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. ஜவுளிக்கடைக்காரருக்கு அதில் பெரும்பகுதி வேலையிலேயே போய்விடுகிறது. வீட்டில் எதிர்ப்பு வந்தது. ராத்திரியில், அதுவும் யானைமலைப் பக்கம் இருட்டு ரோட்டில், வயிற்றுப்பிள்ளைக்காரி போவதா? காற்றுக் கருப்பு அண்டிவிடும், கண்ணு பட்டுவிடும். மருமகள் வாக்குவாதம் செய்யவில்லை. செயலியில் தமிழில் பேசும் ஒரு சின்ன வீடியோ இருந்தது, சாப்பாட்டுக்குப் பின் நடப்பது பற்றி ஒரு பெண் டாக்டர் பேசுவது. அதைச் சத்தமாக வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். மூன்றாம் நாள் மாமியாரே செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா தாயி, பைய நடப்போம். எனக்கும் சுகர்தானே" என்றார். அந்தம்மாவுக்கு ஐந்தாறு வருடமாகச் சர்க்கரை.

மருமகள் நேரடியாகச் சொல்ல முடியாததைச் செயலி சொன்னது. சுகாதார நிலையத்தில் நான் சொன்னாலும் அது அந்த வீட்டு வாசலோடு நின்றிருக்கும். மூவரையும் வைத்துப் பார்க்கையில் செயலியின் மிகப் பெரிய உபயோகமாக எனக்குப் படுவது இதுதான்: வீட்டுக்குள் ஒரு பேச்சைத் தொடங்க அது ஒரு சாக்கு. அந்தப் பேச்சைத் தொடர்வதற்கு ஆள் வேண்டும். பப்பாளி விஷயத்தில் இது எடுபடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பழுத்த பப்பாளி சாப்பிடலாம், காய்தான் கூடாது என்று செயலி சொன்னது. இன்னொரு பக்கத்தில் 'உங்கள் குழந்தை இப்போது ஒரு பப்பாளி அளவு' என்று படமும் போட்டது. மாமியார் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அந்தச் செயலியின் மீது பாதி நம்பிக்கை போய்விட்டது. நாங்களும் வற்புறுத்தவில்லை, கொய்யாவில் இல்லாத சத்தா?

இரண்டு வாரம் கழித்து சர்க்கரை 116. மருந்து தேவைப்படவில்லை. 39-ஆவது வாரத்தில் சுகப்பிரசவம், குழந்தை 2.9 கிலோ. மொத்தம் கூடிய எடை ஒன்பதரை கிலோ.

எல்காட் பெண்

வயது 31. சொந்த போன், சொந்தச் சம்பளம், செயலி எதிர்பார்க்கிற ஆள் அப்படியே இவர்தான். கையில் ஸ்மார்ட் வாட்ச். தினமும் காலையில் எடை பார்த்துப் பதிவார். அவருக்கு வந்த பிரச்சினை வேறு. கர்ப்பத்துக்கு முன் உயரத்துக்கேற்ற எடையைவிடக் கொஞ்சம் அதிகம், பி.எம்.ஐ. 27. அப்படிப்பட்டவர்களுக்கு மொத்தம் 7 முதல் 11.5 கிலோ வரை கூடலாம் என்பது அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' 2009-இல் வகுத்த அளவு, பல செயலிகள் வைத்திருப்பதும் அதுதான். இருபதாவது வாரத்தில் இவருடைய கோடு பச்சைப் பட்டையைத் தாண்டிச் சிவப்புக்குப் போனது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தி மோரோடு படுக்க ஆரம்பித்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

என்னிடம் வந்தபோது, ஆரம்ப எடையாக எதைப் பதிந்தீர்கள் என்று கேட்டேன். எட்டாவது வாரத்தில் பார்த்த எடையாம். அந்தச் சமயத்தில் மசக்கை வாந்தியில் மூன்று கிலோ இறங்கியிருந்தார். கல்யாண ஆல்பம் மாதிரி எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற பழக்கம் அவருக்கு, கர்ப்பத்துக்கு முந்தைய மாதம் அலுவலகத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள் போனிலேயே இருந்தது. அதிலிருந்த எடையைப் பதிந்ததும் கோடு பச்சைக்குள் வந்துவிட்டது. இறங்கிய எடை திரும்ப ஏறியதைத்தான் செயலி அதிகப்படி என்று காட்டியிருக்கிறது. ஒரு எண் தப்பாக ஏறியதற்கு ஒரு கர்ப்பிணி பட்டினி கிடந்திருக்கிறார். எடைப் பதிவை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டார், வாட்ச்சைப் பிரசவம் வரை கழற்றி வைத்துவிட்டார். அது அவருடைய முடிவு, எனக்கும் சரியென்றே பட்டது.

சோழவந்தான் பெண்

வயது 23, இரண்டாவது கர்ப்பம். போன் கணவருடையது, அவர் வேலைக்குப் போனால் போனும் போகும். அரசின் குறுஞ்செய்திகளும் அந்த எண்ணுக்குத்தான். இரவில் தங்கைதான் செயலியைத் திறந்து குரல் வசதியில் ஓடவிடுவாள். 33-ஆவது வாரத்தில் கால் வீங்கியது, இரண்டு நாளாகத் தலைவலி. கால் வீக்கம் பற்றித் தேடினார்கள். 'கடைசி மாதங்களில் கால் வீக்கம் இயல்பானது. கால்களை உயர்த்தி வைத்துப் படுங்கள்' என்று குரல் வாசித்து நிறுத்தியது. தப்பான தகவல் இல்லை. தலைவலியோ, கண் மங்கலோ, மேல்வயிற்று வலியோ சேர்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்ற வரியும் அந்தப் பக்கத்தில் இருந்தது, 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டால் விரியும் இடத்தில். குரல் அதுவரை போகவில்லை.

கிராம சுகாதார செவிலியர் அங்கன்வாடிக்கு வந்த அன்று எதேச்சையாக இவர் முகத்தைப் பார்த்தார். முகமும் ஊதியிருந்தது. ரத்த அழுத்தம் 150/96, சிறுநீரில் புரதம். 140/90-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய அளவு. 108-இல் ஏற்றி அனுப்பினார். மருந்தில் கட்டுப்படுத்தி 37-ஆவது வாரத்தில் பிரசவம் பார்த்தார்கள், தாயும் பிள்ளையும் நலம். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. ஆபத்து அறிகுறிகள் திரையின் முதல் வரியில், குரலின் முதல் வாக்கியத்தில் வர வேண்டும். ஆறுதல் அதற்குப் பிறகு சொல்லலாம்.

வேறு சில

மூன்று பேருடைய திரையிலும் விளம்பரம் கொட்டியது. அதில் பால் புட்டி விளம்பரமும் உண்டு. புட்டி, பால்பவுடர் விளம்பரங்களுக்கு 1992 சட்டப்படி இந்தியாவில் தடை. செயலியை மூடினால் யூடியூப் 'வயிறு வடிவத்தை வைத்து ஆணா பெண்ணா' என்று அழைக்கும். இந்த ஆய்வுக்கு வெளியே ஒரு பெண்ணை இங்கே சொல்லியாக வேண்டும். மூன்றாம் மாதம் கரு கலைந்த பிறகும் அவருடைய போன் வாராவாரம் குழந்தையின் வளர்ச்சியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நிறுத்தும் வழி அமைப்புகளுக்குள் நான்கு திரை தாண்டி இருந்தது. செயலியை நீக்க அவருக்கு மனசு வரவில்லை, அவருடைய அண்ணிதான் நீக்கினார்.

பிரசவத்துக்குப் பிறகு

ஒத்தக்கடைப் பெண் குழந்தை பிறந்த தேதியைப் பதிந்ததும் செயலி நிறம் மாறி, குழந்தைப் பக்கத்துக்குத் தாவிவிட்டது. தடுப்பூசித் தேதி, பால் கொடுத்த நேரம், டயபர் கணக்கு எல்லாம் வந்தன. தாயின் மாத்திரை மணி அன்றோடு நின்றது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டும். சர்க்கரை வந்த பெண்கள் ஆறாவது வாரத்தில் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். இரண்டையும் செயலி சொல்லவில்லை. தாய்வீட்டில் இருந்த அவருக்கு மாத்திரை ஞாபகமே இல்லை.

குழந்தைக்கு, ஐந்து நோய்களைத் தடுக்கும் முதல் பென்டா ஊசியும் ஆறாவது வாரம்தான். ஊசிக்கு வரச்சொல்லிப் பேசும்போதே நர்ஸ் தாயின் பரிசோதனையையும் அதே நாளில் போட்டுக்கொண்டார். காலையில் வெறும் வயிற்றோடு வந்து குளுக்கோஸ் குடித்துவிட்டு, பிள்ளைக்கு ஊசி போட்டு, காத்திருந்த நேரத்தில் பால் கொடுத்தார். இரண்டு மணி நேர அளவு 112. மாத்திரை மறுபடி ஆரம்பமானது. இந்த முறை செயலியில் மணி வைக்கவில்லை. "அம்மா வீட்டுல அம்மாகிட்டயே சொல்லிட்டேன் சிஸ்டர். அது என் உயிரை எடுத்துரும்" என்றார்.